சுடுநீர்த் தாங்கியைத் திறந்து பாருங்கள்

வீட்டு உபகரணங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கனகராயன்குளத்திலிருந்து பதில் எழுதுகிறார், ஒன்ராறியோவில் பயண ட்ரெயிலர்கள் திருத்தும் கராஜ் ஒன்றில் நீண்ட காலம் வேலை செய்து ஊர் திரும்பிய திருத்துநர். இந்த இதழில் வந்த கடிதங்கள் எல்லாம் சுடுதண்ணீரைப் பற்றியவை.

நான் ஒட்டுசுட்டானில் உழவு இயந்திரம் திருத்துபவன். மகன் கனடாவில் 1990களில் செய்த பழைய பயண ட்ரெயிலர் ஒன்றை வாங்கியிருக்கிறான். மே மாதம் அங்கே போகிறேன். "அப்பா, ஹீற்றரை நீங்கள்தான் பார்த்துத் தரவேண்டும்" என்கிறான். எரிவாயுவிலும் மின்சாரத்திலும் இயங்குமாம். அந்தப் பொருளை நான் கண்ணால் கண்டதில்லை. எங்கே தொடங்குவது?
— ஒட்டுசுட்டான் வாசகர்

ஐயா, கையில் எண்ணெய் பட்ட ஒருவர் அந்த ட்ரெயிலருக்குக் கிடைக்கப் போகிறார் என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. நான் கழற்றி எறிந்த தாங்கிகளில் அநேகமானவை, வருடத்துக்கு ஒரு தடவை அடைப்பானைக் கழற்றிக் கழுவ ஆள் இருந்திருந்தால், இன்னும் பல காலம் ஓடியிருக்கும். அவ்வளவு எளிய வேலையை யாரும் செய்வதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ட்ரெயிலரின் வெளிச்சுவரில் ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான அகலத்தில் சதுரமான தகரக் கதவு ஒன்று இருக்கும். அதில் புகை போகும் துவாரங்களைக் காண்பீர்கள். அதைத் திறந்தால் எரிவாயுக் குழாய், எரிகுழாய், மேலே கைபிடி வைத்த பாதுகாப்பு வால்வு, கீழே ஓர் அடைப்பான். முதலில் அந்த அடைப்பானைப் பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

அந்தக் காலத்து ட்ரெயிலர்களில் பெரும்பாலும் சபேர்பன் அல்லது அட்வூட் என்ற இரண்டு பெயர்களில் ஒன்றைத்தான் காண்பீர்கள். சபேர்பன் தாங்கி இரும்பு. உள்ளே எனாமல் பூசியிருக்கும். அடைப்பான் உலோகம், அதோடு சேர்ந்து ஒரு சாண் நீளத்தில் மக்னீசியக் கம்பி தாங்கிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அட்வூட் தாங்கி அலுமினியம். அதற்குக் கம்பி கிடையாது, அடைப்பான் பிளாஸ்டிக். அலுமினியத் தாங்கியில் "பிளாஸ்டிக் எதற்கு, நல்ல பித்தளையாகப் போடுவோம்" என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தண்ணீருக்குள் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிபடும்.

அடைப்பானில் கைவைக்கும் முன்பு ஹீற்றரின் மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்தி, ஓர் இரவு முழுவதும் ஆறவிடுங்கள். சபேர்பனில் மின்சூடாக்கிக்கு என்று ஒரு சின்னச் சுவிட்ச் அந்தத் தகரக் கதவுக்குள்ளேயே கீழ்மூலையில் ஒளிந்திருக்கும், அதையும் நிறுத்துங்கள். பிறகு வெளியிலிருந்து வரும் தண்ணீரையும் பம்பையும் மூடி, குசினிக் குழாயில் சுடுதண்ணீர்ப் பக்கத்தைத் திறந்து, மேலே இருக்கும் பாதுகாப்பு வால்வின் கைபிடியைத் தூக்கி உள்ளிருக்கும் அமுக்கத்தை வெளியேற்றுங்கள். இவை எல்லாம் முடிந்த பிறகே அடைப்பான். 60 பாகை செல்சியஸ் தண்ணீர் அமுக்கத்தோடு முகத்தில் அடித்தால் தோல் வெந்து போக ஐந்து விநாடி போதும். ஆறாத தாங்கியைத் திறந்து வெந்துபோன கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சபேர்பன் அடைப்பானுக்கு 27 மில்லிமீற்றர் சொக்கெற் பொருந்தும். அதன் அங்குல அளவு 1 1/16. வெளியே வரும் தண்ணீரோடு வெள்ளைச் செதில்கள் கொட்டும். நம்முடைய கேத்தலின் அடியில் படிகிற அதே கல்தான். ஒரு மெல்லிய குழாயை அந்தத் துவாரத்தால் உள்ளே விட்டு, மேலும் கீழும் திருப்பித் திருப்பித் தண்ணீர் பீய்ச்சுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடாதீர்கள். பாதியில் நிறுத்தினால் மிச்சமுள்ள செதில்கள் குளியல் குழாயின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

இனிக் கம்பி. இரும்பை விட மக்னீசியம் தண்ணீரில் வேகமாகக் கரையும் உலோகம். இரண்டும் ஒரே தண்ணீருக்குள் தொடுப்பில் இருக்கும்போது அரிப்பு முழுவதையும் மக்னீசியம் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. எனாமலில் எங்கேனும் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அதற்குப் பின்னால் உள்ள இரும்பு தப்பிவிடுகிறது. ஆகவே கம்பி உளுத்துப்போய் வெளியே வந்தால் பயப்பட வேண்டாம். அது தன் வேலையைச் செய்திருக்கிறது. முக்கால் பங்கு கரைந்திருந்தால் புதியதை மாற்றுங்கள். உள்ளே ஓடும் மெல்லிய கம்பி இழை மட்டும் மிஞ்சியிருந்தால், தாங்கி ஏற்கெனவே பாதுகாப்பில்லாமல் கிடந்திருக்கிறது என்று பொருள். கைவிளக்கை அடித்து உள்ளே துரு பார்த்துவிடுங்கள். புதிய கம்பியைப் பூட்டும்போது மரையில் வெள்ளை நாடாவை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டாம். கம்பி தாங்கியின் இரும்போடு தொட்டால்தான் வேலை செய்யும். மரையைக் கையால் பிடித்து ஏற்றிவிட்டுக் கடைசியில்தான் சாவி.

எரிகுழாய்ப் பக்கத்துக்கு வருவோம். குளிர்காலம் முழுவதும் நின்ற வண்டியில் சிலந்தி வலை பின்னியிருக்கும்; மண் குளவி கூடு கட்டியிருக்கும். அந்த வலை காற்றுப் போகும் வழியை மறித்தால் நீலமாக எரிய வேண்டிய சுவாலை மஞ்சளாகி, கதவின் வெளிப்பக்கம் கரி பூசும். மஞ்சள் சுவாலையைக் கண்டால் ஹீற்றரை ஓடவிடாதீர்கள். எரிவாயு முழுதாக எரியவில்லை. காபன் ஓரொட்சைட்டு வெளியே வருகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ட்ரெயிலருக்குள் இருக்கும் எச்சரிக்கைக் கருவிகளின் பின்புறத்தில் காலாவதித் திகதி அச்சிட்டிருக்கும். பழைய வண்டியில் அதைத் தவறாமல் பாருங்கள்.

எரிவாயு ஜெற் பற்றி உங்களுக்கு விசேடமாகச் சொல்ல வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மண் இது. கரி பிடித்த ஜெற்றை ஒற்றைக் கம்பி இழையால் குத்தித் துப்புரவாக்கும் பழக்கம் அந்தக் கால மெக்கானிக்குகள் எல்லோரின் விரலிலும் இருக்கிறது. அந்தக் கைத்திறமையால்தான் வன்னியில் நோயாளிகள் வைத்தியசாலை போய்ச் சேர்ந்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எரிவாயு ஜெற்றைக் குத்தாதீர்கள். அதன் துவாரம் மயிரளவு பெருத்தாலும் எரிவாயு கூடிவிடும், சுவாலை கெட்டுவிடும். கழற்றி ஸ்பிரிற்றில் ஊறவைத்து, காற்றில் உலரவிட்டுப் பூட்டுங்கள். பூட்டிய பிறகு இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பாருங்கள். அவர்கள் எரிக்கும் புரோப்பேன் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்ததும் மகன் ஆசையோடு சுவிட்சைப் போடப் பார்ப்பான். கையைப் பிடித்து நிறுத்துங்கள். தாங்கி நிறைந்து, சுடுதண்ணீர்க் குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் ஒரே சீராக வந்த பிறகுதான் மின்சாரம். வெறும் தாங்கியில் மின்சூடாக்கியைப் போட்டால் சில விநாடிகளில் கருகிவிடும். சரியாக இருந்தால், ஆறு கலன் தாங்கி, அதாவது ஏறத்தாழ 23 லீற்றர், 1,440 வாற்று மின்சூடாக்கியில் முக்கால் மணி நேரத்தில் நன்றாகச் சூடாகும். எரிவாயுவில் அதைவிட விரைவு. பொறி பறக்கும் வகை என்றால் எரிவாயுவில் பற்றவைக்கவும் 12 வோல்ற்று பற்றரி வேண்டும். பற்றரி தளர்ந்திருந்தால் ஹீற்றரைக் குறை சொல்ல வேண்டாம். கையால் கொளுத்தும் பழைய வகையில் சிறு சுவாலை நிற்காமல் அணைந்துகொண்டே இருந்தால் அதன் நுனியில் வெப்பத்தை உணரும் செப்புக் கம்பியை மாற்றிப் பாருங்கள், மலிவான பொருள்.

இன்னும் ஒன்று. எல்லாம் சரி, ஆனால் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்றால் ஹீற்றரைக் கழற்றும் முன்பு இரண்டு இடம் பாருங்கள். ட்ரெயிலரின் உட்பக்கம், ஹீற்றரின் முதுகில், தாங்கியைச் சுற்றித் தண்ணீரைத் திருப்பி விடும் வால்வுகள் இருக்கும். குளிர்காலத்துக்காகத் திருப்பியவர் மீண்டும் பழைய நிலைக்குத் திருப்ப மறந்திருப்பார். மற்றது வெளிப்புறக் குளியல் குழாய். அதன் இரண்டு திருகிகளும் திறந்து, முனையில் மட்டும் மூடியிருந்தால், சுடுதண்ணீரும் குளிர்தண்ணீரும் அதற்குள்ளேயே கலந்துவிடும். இந்த இரண்டு காரணங்களுக்காக நல்ல ஹீற்றர்களுக்குப் பணம் கொடுத்து மாற்றியவர்கள் பலர்.

என் தங்கை கல்கரியில் இருக்கிறாள். அவர்கள் வாங்கிய பழைய ட்ரெயிலரின் சுடுநீர்த் தாங்கி முதல் குளிர்காலத்திலேயே வெடித்துவிட்டது. பழைய பொருள் என்பதாலா?
— வவுனியா வாசகி

வயது காரணம் அல்ல, தங்கச்சி. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். அதைத் தடுக்கிற இரும்பு இல்லை. மார்கழிப் பனிக்கே போர்வை தேடும் நமக்கு இது மனத்தில் பதிவது கடினம். நம்மவர் பலர் அங்கே போய் முதல் வருடத்தில் இப்படித்தான் இழக்கிறார்கள்.

ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை அங்கே நன்றி நவிலல் விடுமுறை. கல்கரி போன்ற இடத்தில் அதற்கு முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். தாங்கியை முற்றாக வடித்து, அடைப்பானைக் கழற்றி வையுங்கள். பின்புற வால்வுகளைத் திருப்பி, தாங்கியை விலக்கிவிட்டுக் குழாய்களுக்குள் மட்டும் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தைப் பம்பு செய்யுங்கள். வால்வைத் திருப்பாமல் பம்பு செய்தால் ஆறு கலன் திரவம் வீணாகத் தாங்கிக்குள் போய்விடும். அது புரோப்பிலீன் கிளைக்கோலில் செய்தது, குடிநீர்க் குழாய்க்கு உகந்தது என்று போத்தலில் எழுதியிருக்க வேண்டும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. இரண்டும் ஒரே கடைத் தட்டில் அருகருகே நிற்கும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இதைத் தங்கையிடம் தொலைபேசியில் இரண்டு தடவை சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் 50 லீற்றர் ஹீற்றர். பாதுகாப்பு வால்வு ஓயாமல் சொட்டியது. பிளம்பர் வந்து அந்த வாயில் ஒரு மூடியைத் திருகி அடைத்துவிட்டார். இப்போது சொட்டுவதில்லை. ஆனால் உங்கள் பத்தியில் ஒருமுறை வால்வு பற்றி எழுதியிருந்தீர்கள். ஏதும் பிரச்சினை இருக்குமா?
— புதுக்குடியிருப்பு வாசகர்

தம்பி, இந்த இதழைக் கீழே வைத்துவிட்டுப் போய் அந்த ஹீற்றரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். மூடி கழற்றப்படும்வரை யாரும் போட வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

28 பாகையில் இருக்கும் 50 லீற்றர் தண்ணீரை 60 பாகைக்குச் சூடாக்கினால் அது அரை லீற்றருக்கு மேல் பெருக்கிறது. தண்ணீரை அமுக்கிச் சிறிதாக்க முடியாது. அந்த அரை லீற்றர் எங்கேனும் போயாக வேண்டும். கூரைத் தாங்கியிலிருந்து வரும் குழாயில் தடுப்பு வால்வு இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பி மேலே போகும். தடுப்பு வால்வு இருந்தால் பாதுகாப்பு வால்வால் சொட்டும். அப்படிச் சொட்டுவது குற்றமில்லை. ஒரு குழாயை அதில் பூட்டி வெளி வடிகாலுக்குக் கீழ்நோக்கிக் கொண்டுபோய், முனையைத் திறந்தே விடுங்கள். அவ்வளவுதான் செய்ய வேண்டியது.

வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தேமொஸ்ராற்று ஒரு நாள் ஒட்டிப்போய் மின்சாரத்தை நிறுத்தாமல் விட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அமுக்கத்தில் அடைபட்ட தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். தாங்கி எங்காவது கிழிந்த கணத்தில் அமுக்கம் விழுகிறது. அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி அதே கணத்தில் நீராவியாகிறது. நீராவிக்குத் தண்ணீரைப் போல ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் வேண்டும். குளியலறைச் சுவர் அதைத் தாங்காது. அந்த ஒரு நாளுக்காகத்தான் இந்த வால்வை வைத்திருக்கிறார்கள். ட்ரெயிலர் ஹீற்றரிலும் இதே காவல்தான்: சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் அமுக்கமோ 99 பாகை வெப்பமோ எட்டினால் அது தானாகத் திறக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் ஐயாவுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ட்ரெயிலர் தாங்கியின் உச்சியில் சிறிதளவு காற்று இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். தண்ணீர் பெருக்கும்போது அந்தக் காற்று அமுங்கி இடம் விடும். 23 லீற்றருக்கு அது ஏறத்தாழ 350 மில்லிலீற்றர். நாளடைவில் அந்தக் காற்றைத் தண்ணீரே கரைத்து எடுத்துவிடும். அப்போது வால்வு சொட்டத் தொடங்கும். பலர் உடனே புது வால்வு வாங்குகிறார்கள். தேவையில்லை. ஹீற்றரை நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் வரும் வழியை மூடி, ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, வால்வின் கைபிடியைத் தூக்கி, தண்ணீர் வழிவது நிற்கும்வரை பிடித்திருங்கள். நின்றதும் கைபிடியைச் சட்டென்று விட்டு மூடுங்கள். உச்சியில் காற்று மீண்டும் வந்துவிடும். அதன் பிறகும் சொட்டினால் வால்வின் இருக்கையில் கல் பிடித்திருக்கிறது; அப்போது மாற்றுங்கள்.

புதுக்குடியிருப்புத் தம்பி, உங்கள் பிளம்பரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இந்தப் பக்கத்தை அவருக்குக் கொடுங்கள். அவர் வேறு எத்தனை வீடுகளில் மூடி பூட்டியிருக்கிறார் என்று கேட்டு, அந்த வீடுகளுக்கும் அவரையே அனுப்புங்கள்.

ஹீற்றர் வாங்கி நான்கு வருடம். இப்போது சூடாக நெடுநேரம் எடுக்கிறது. உள்ளே கல் உருள்வது போலக் கடகடவென்று சத்தம். கழிவறை கழுவும் அசிட் ஊற்றினால் கல் கரைந்துவிடும் என்று ஒருவர் சொன்னார்.
— கிளிநொச்சி வாசகி

அசிட் வேண்டாம் அக்கா. அது ஐதரோகுளோரிக் அமிலம். கல்லைத் தின்னும், பிறகு எனாமல் வெடிப்புகளுக்குள் போய் இரும்பையும் தின்னும்.

உங்கள் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் இருகாபனேற்று கரைந்திருக்கிறது. சூடாக்கும்போது காபனீரொட்சைட்டு பிரிந்து போக, கரையாத காபனேற்று மிஞ்சிக் கல்லாகப் படிகிறது. மிகச் சூடான இடத்தில்தான் அதிகம் படியும். அந்த இடம் மின்சூடாக்கியின் மேற்பரப்பு. கல்லுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் கொதித்து வெடிக்கிற ஓசைதான் நீங்கள் கேட்கும் கடகட. வெப்பம் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் மின்சூடாக்கி உள்ளுக்குள் காய்ந்து, ஒரு நாள் உறை வெடித்து, மின்சாரம் தண்ணீரோடு தொடுப்பாகும். ஆகவே இது வெறும் மின் கட்டண விடயம் இல்லை. வீட்டின் புவித்தொடுப்பும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்சும் வேலை செய்கின்றனவா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்சில் பரிசோதனைக்கு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் உடனே விழ வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: 1,500 வாற்றில் 50 லீற்றர், 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு வர ஒன்றேகால் மணி நேரம். உங்களுடையது அதைவிட மிகவும் பிந்தினால் கல் தடிப்பாக இருக்கிறது.

மின்சாரத்தை மெயினில் நிறுத்தி, ஆறவிட்டு, வடித்து, மின்சூடாக்கியைக் கழற்றுங்கள். படிந்த கல்லில் தேசிக்காய்ப் புளி இரண்டு சொட்டு விடுங்கள், நுரைத்தால் காபனேற்றுத்தான். வினாகிரியில் ஓர் இரவு ஊறவிட்டால் மரக்குச்சியாலேயே உதிர்ந்துவிடும். சுத்தியலால் தட்டாதீர்கள். தாங்கிக்குள் கிடக்கும் கல்லைக் கையால் வழித்தெடுத்துவிட்டு, இரண்டு பங்கு வினாகிரிக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து உள்ளே விட்டு வைத்துப் பின்னர் நன்றாக அலசுங்கள். அலுமினியத் தாங்கியுள்ள ட்ரெயிலருக்கும் இதே கலவை போதும், அதற்கு மேல் வீரியமான எதையும் தொடவேண்டாம். பூட்டும்போது இறப்பர் வொஷரைப் புதிதாகப் போடுங்கள். உள்ளே மக்னீசியக் கம்பி இருக்கும். நான்கு வருடத்தில் அது அநேகமாக முடிந்திருக்கும். வன்னியின் தண்ணீருக்கு வருடத்துக்கு ஒரு தடவை இந்த வேலை. மழைக்கு முன்பு, புரட்டாதியில் வைத்துக்கொண்டால் மார்கழியில் முதியவர்கள் குளிக்கும்போது ஹீற்றர் கைவிடாது.

வெளிநாட்டிலிருந்து மாமா கப்பலில் அனுப்பிய பொருட்களோடு ஒரு ட்ரெயிலர் ஹீற்றரும் வந்தது. புதியது, பெட்டி பிரிக்கவில்லை. எங்கள் விருந்தினர் அறைக் குளியலறையில் பூட்டலாமா?
— முல்லைத்தீவு வாசகர்

பூட்ட வேண்டாம். மாமாவின் அன்பு பெரிது என்பதால் காரணத்தையும் சொல்கிறேன்.

அது 120 வோல்ற்றுக்குச் செய்தது. நமது 230 வோல்ற்றில் போட்டால் மின்னோட்டமும் கூடும், வோல்ற்றளவும் கூடும். 1,440 வாற்று மின்சூடாக்கி 5,000 வாற்றுக்கு மேல் இழுக்கும். கருகுவது நிச்சயம். அதற்கென்று பெரிய ட்ரான்ஸ்போமர் வாங்கிப் பூட்டினாலும் கிடைப்பது 23 லீற்றர் சுடுதண்ணீர்தான். எரிவாயுவில் ஓட்டலாமே என்று கேட்பீர்கள். அதன் ஜெற்றும் காற்றுவழியும் புரோப்பேனுக்கு அளந்தவை. நமது சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. 2021 இறுதியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்தபோது அந்தக் கலவையின் விகிதம் எவ்வளவு முக்கியம் என்று எல்லோரும் அறிந்துகொண்டோம். மேலும் அந்த ஹீற்றர், முகம் முழுவதும் வெளிக்காற்றில் இருக்கும்படி வண்டியின் சுவரில் பதிக்கச் செய்தது. குளியலறைக்குள் வைத்தால் புகை உள்ளேதான் வரும்.

பெட்டி பிரிக்காமல் இருப்பதால், கனடாவிலோ அமெரிக்காவிலோ ட்ரெயிலர் வைத்திருக்கும் உறவினர் ஒருவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். விருந்தினர் அறைக்கு 230 வோல்ற்று ஹீற்றரே போதும். கூரையில் வெயில் நன்றாக விழும் இடம் இருந்தால் சூரிய ஹீற்றரையும் யோசியுங்கள். முல்லைத்தீவு வெயிலுக்குக் கட்டணம் இல்லை.

சுடுதண்ணீரில் மட்டும் அழுகிய முட்டை மணம். எங்களுடையது குழாய்க்கிணறு. கனடாவில் அண்ணாவின் ட்ரெயிலரிலும் இதே மணம் என்கிறார். இரண்டுக்கும் என்ன தொடர்பு?
— முள்ளியவளை வாசகி

காரணம் ஒன்றுதான் பிள்ளை. தண்ணீரிலுள்ள சல்பேற்றை உண்டு ஐதரசன் சல்பைட்டு வெளிவிடும் பக்ரீரியா தாங்கிக்குள் குடியிருக்கிறது. வெதுவெதுப்பும் அசையாத தண்ணீரும் அதற்குப் பிடித்தவை. மக்னீசியக் கம்பி கரைவது அதன் வேலையை இன்னும் எளிதாக்குகிறது. குளிர்தண்ணீரிலும் மணம் இருந்தால் கிணற்றைப் பாருங்கள். சுடுதண்ணீரில் மட்டும் என்றால் தாங்கிதான்.

கம்பியைக் கழற்றிவிட்டு வெறும் அடைப்பானைப் போடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். மணம் போகும், கூடவே தாங்கியும் போகும். அலுமினியமும் நாகமும் கலந்த கம்பி கிடைக்கிறது. அதை மாற்றிப் போடுங்கள். தேமொஸ்ராற்றை 60 பாகையில் வையுங்கள். அந்தச் சூட்டில் குளிர்தண்ணீர் கலக்காமல் பிள்ளைகளைக் குளிக்க விடக்கூடாது. அண்ணாவின் ட்ரெயிலர் வாரக்கணக்கில் நிற்குமானால், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் தாங்கியை வடித்துவிடச் சொல்லுங்கள்.

பக்ரீரியாவைக் கொல்ல, வாசனை சேர்க்காத வீட்டுக் குளோரின் திரவம், 5 சதவீதமுள்ளது, ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மில்லிலீற்றர் என்ற கணக்கில் கலந்து, தாங்கியையும் சுடுதண்ணீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் நிரப்பிச் சில மணி நேரம் விடுங்கள். ஹீற்றர் நிறுத்தத்தில் இருக்கட்டும். அந்த நேரம் யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். பிறகு குளோரின் மணம் முற்றாக நீங்கும்வரை ஓடவிடுங்கள்.

மேலே கிளிநொச்சி அக்காவுக்குச் சொன்ன வினாகிரி வேலையையும் அதே நாளில் செய்ய நினைத்தால், முதலில் வினாகிரி, அதன் பின் தாங்கியை முழுவதும் வடித்துத் தெளிந்த தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசல், அதற்குப் பிறகே குளோரின். வினாகிரியும் குளோரின் திரவமும் ஒன்றையொன்று தொட்டால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். யன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள்.